ரேஷன் கார்டில் இல்லாத மகள்

வீடு பார்க்கப் போகும்போது முகத்தில் ஆசை தெரியக்கூடாது, தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் எல்லோரும் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கவலையே எனக்கு இருக்கவில்லை. ஒன்பது வீடு பார்த்தேன். ஒன்பதிலும் ஹாலின் நடுவில் போய் நின்றேன், குழாயைத் திறந்து மூடினேன், பாத்ரூமை எட்டிப் பார்த்தேன், வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். கடைசியில் பொறுமை இழந்தவர் புரோக்கர்தான்.

"இன்னாம்மா, புட்ச்சிருக்கா இல்லியான்னு மூஞ்சில ஒண்ணுமே தெர்லியே. பார்ட்டிகிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

"தண்ணி வந்தா போதும்ணே. கதவு மூடுனா போதும்."

அவரும் ஃபாக்டரி ஆள்தான். ஆவடியில் என் கணவர் வேலை பார்த்த அதே பட்டறையில் இருந்துவிட்டு, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுத் தரகில் இறங்கியவர். குவார்ட்டர்ஸ்காரர்கள் வெளியாளை லேசில் நம்ப மாட்டோம். பல் டாக்டரானாலும் சரி, டியூஷன் வாத்தியாரானாலும் சரி, ஃபாக்டரியில் ஒருவர் போய்வந்த இடத்துக்குத்தான் அடுத்தவரும் போவார். தருமபுரி, தூத்துக்குடி, தஞ்சாவூர் என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, ஒரே மஞ்சள் பெயின்ட் அடித்த வீடுகளில் இருபது வருடம் இருப்பவர்களுக்கு அதுதான் சொந்தபந்தம். அதனால் புரோக்கர் என்றால் இவர், வக்கீல் என்றால் பூந்தமல்லியில் இவர் கைகாட்டுகிறவர். என்னை யாரும் கேட்கவும் இல்லை, நானும் மறுக்கவில்லை.

என் கணவர் போன வருடம் தை மாதம் காலை ஷிப்டுக்குப் போனவர், சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே இறந்துபோனார். மாரடைப்பு. எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் "அழுதுடு, அழுதுடு" என்று முதுகைத் தடவினார்கள். சொன்னவுடன் அழுவதற்கு நான் என்ன நாடகமா நடிக்கிறேன் என்று எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சல் ஒன்றுதான் என்னிடம் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டது. என்னுடைய கன்னம்தான், கிள்ளினால் தெரியாது.

குவார்ட்டர்ஸை இந்த ஜூலை முடிவுக்குள் காலி செய்ய வேண்டும் என்று கடிதம் வந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். அவர் ஆயுசுக்கும் உழைத்ததற்கு ஃபாக்டரி கொடுத்த பணம் வங்கியில் கிடந்தது. அது கரைவதற்குள் அவளுக்கும் எனக்கும் ஒரு கூரை வேண்டும். ஜூலை முடிவு என்றால் நட்ட நடு ஆடி. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், பத்திரம் பதிய மாட்டார்கள். ஆக ஆனி முடிவதற்குள் எல்லாம் நடந்தாக வேண்டும் என்று எனக்காக மற்றவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

பத்தாவது வீடு திருவேற்காட்டில், கோயில் கூட்டம் எட்டாத ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. தனி வீடு, இரண்டு அறை, மொசைக் தரை. புரோக்கருக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம ஃபாக்டரி ஆளு கட்டின ஊடும்மா. ரிட்டயராகி இங்கயே இருந்தாரு. சம்சாரம் முன்னாடியே பூட்டாங்க, அவரு போயி ரெண்டு வருஷம் ஆவுது. பசங்க ரெண்டு பேரும் விக்கிறாங்க. கண்ண மூடிகினு வாங்கலாம்."

சமையலறை இருட்டாக இருந்தது. நான் சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். அவர் செல்போன் வெளிச்சத்தில் தேடி, கதவுக்குப் பின்னால், என் இடுப்பு உயரம்கூட இல்லாத இடத்தில் சுவிட்சைக் கண்டுபிடித்தார்.

"எலக்ட்ரீஷியன் குட்ச்சிட்டு வந்து வெச்சிருப்பான் போல. மேல தூக்கிக்கலாம், ஒரு நாள் வேல."

நான் குழாயைத் திறந்து மூடினேன். சரி என்றேன். வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து டோக்கன் அட்வான்ஸும் கொடுத்துவிட்டோம். வக்கீலிடம் காகிதம் போனது அதற்குப் பிறகுதான். முதலில் நல்ல நாள், அப்புறம் வக்கீல்; எங்கள் பக்கம் அதுதான் வரிசை.

வக்கீல் தாய்ப் பத்திரத்தைப் பார்த்தார், பட்டாவைப் பார்த்தார், வில்லங்கச் சான்றைப் பார்த்தார். கடைசியாக வாரிசுச் சான்றிதழை எடுத்தார். இறந்தவருக்கு இரண்டு மகன்கள் என்று தாசில்தார் கையெழுத்துடன் இருந்தது. "கிளியரா இருக்கும்மா" என்று கட்டை மடித்துக் கொடுத்தார். ஃபாக்டரிக்காரர்களில் பாதிப் பேருக்கு அவர் கொடுத்த சட்டக் கருத்து ஒரே கடிதம்தான், பெயரும் சர்வே எண்ணும் மட்டும் மாறும். அது எனக்கு அப்போது தெரியும். தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை.

பதிவுக்கு எட்டு நாள் இருக்கும்போது நல்ல மழை பெய்தது. மழைக்கு மறுநாள் பார்க்காத வீட்டை வாங்காதே என்று என் கணவர் மற்றவர்களுக்குச் சொல்வார். எங்களுக்கென்று வாங்கும் நாள் வராததால் எனக்கு அதைச் சொன்னதில்லை. அது நினைவுக்கு வந்து, யாரிடமும் சொல்லாமல் ஷேர் ஆட்டோ ஏறித் திருவேற்காடு போனேன். வீட்டுக்கு எதிரே ஒரு அம்மாள் இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். அவளிடம், மழை பெய்தால் இங்கே தண்ணீர் நிற்குமா என்று கேட்டேன்.

"தெரு மொனைல நிக்கும். இந்த ஊட்டாண்ட நிக்காது. அந்த மன்சன் ரெண்டடி தூக்கிக் கட்டிகிறாரு." இஸ்திரிப் பெட்டியைத் தாங்கியில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான் வாங்கப் போறியா? அந்தப் பொண்ணு ஒத்துக்கினுச்சா?"

"எந்தப் பொண்ணு?"

"இன்னாம்மா இப்டி கேக்குற. அவருக்கு ரெண்டு பசங்க, ஒரு பொண்ணு. அது வேற ஜாதிப் பையனக் கட்டிகினு பூட்ச்சு. அத்தோட இவுரு பேசறதில்ல. இப்போ வேலப்பன்சாவடில ஒரு காலேஜ் ஆஸ்டல்ல சமைக்குது. என் மருமவளும் போன மாசந்தான் அங்க வேலைக்கு சேந்துச்சு."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 'ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவளுக்குப் பங்கு ஏது?' என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

குவார்ட்டர்ஸில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால், விருந்து முடிந்த சூட்டோடு அப்பா போய் ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை நீக்குவார். "பேர் எடுத்தாச்சா?" என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். எடுத்தாச்சு என்றால் கடமை முடிந்தது என்று அர்த்தம். அரிசிக்கும் சர்க்கரைக்கும் போட்ட கார்டு அது. நாளாவட்டத்தில் யார் மகன், யார் மகள் என்று முடிவு செய்கிற கார்டாக அதை ஆக்கி வைத்திருந்தோம். இந்த மகன்களும் வாரிசுச் சான்றிதழுக்கு அந்தக் கார்டைத்தான் காட்டியிருக்கிறார்கள். தாலுகா ஆபீசிலிருந்து விசாரிக்க வந்தவரும் அதில் இருந்த பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார். என் கல்யாணத்துக்குப் பிறகு என் அப்பாவும் என் பெயரை எடுத்தார். நான் எதுவும் கேட்டதில்லை.

புரோக்கருக்குப் போன் செய்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இஸ்திரி போட்றவ பேச்சக் கேட்டுகினு வக்கீலு குட்த்த ஒப்பீனியன சந்தேகப்பட்றியாம்மா?"

"உங்க வக்கீல் கண்ணுல படாதது அந்தம்மா வாயில ரெண்டு நிமிஷத்துல வந்துருச்சுண்ணே. ஃபீஸை அவங்களுக்குக் குடுத்திருக்கலாம்."

மறுநாள் வக்கீல் அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். விற்கிறவர்களில் மூத்தவரும் வந்திருந்தார். அவர் எதையும் மறைக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். "தங்கச்சி இருக்கு சார். ஆனா அதும் பேரத்தான் கார்டுல எடுத்தாச்சே. எங்கப்பாவே போயி எடுத்தாரு" என்றார். கேட்டவரைத்தான் விவரம் தெரியாதவர் என்று நினைத்தார்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பேப்பர்ல இருக்கறதத்தான்மா நான் பார்க்க முடியும். இல்லாதத எங்க பார்க்கறது?" என்று என்னிடம் தன் நியாயத்தைச் சொன்னார். பிறகு மூத்தவரிடம் திரும்பினார். "கார்டுல எடுத்தா அரிசி நிக்கும் சார், உரிமை நிக்காது. மூணு பேருக்கும் சம பங்கு. பழைய சான்றிதழ ரத்து பண்ணி, மூணு பேர் பேரும் போட்டுப் புதுசா வாங்கணும். அப்புறம் மூணு பேரும் கையெழுத்துப் போடணும்."

அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். ஆடி தாண்டும் என்றார்.

வெளியே வந்ததும் புரோக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை. "நான் சொல்றத கேளும்மா. குறிச்ச நாள்ல பதிவு பண்ணிடு. அந்தப் பொண்ணு வராது. வர்றதா இருந்தா அப்பா சாவுக்கே வந்திருக்கும். உனுக்கு வேற ஊடு பாக்க நாளு இல்ல."

அவர் சொன்னது எனக்குக் கெட்ட யோசனையாகவே படவில்லை. யாருக்கும் தீங்கு செய்கிறோம் என்றும் தோன்றவில்லை. நான் வேலப்பன்சாவடிக்குப் போனது நல்ல மனசால் அல்ல. பத்து வருடம் கழித்து ஒருத்தி கோர்ட் காகிதத்தோடு வந்து நின்றால், அன்றைக்கு நடுத்தெருவில் நிற்கப்போவது என் மகள். அந்தப் பயம்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனது.

விடுதியின் பின்பக்கம் அவள் உட்கார்ந்து கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்பா செத்ததே எனுக்குப் பதினாறாம் நாளு கயிச்சுத்தான் தெரியும்க்கா" என்றாள். "ஊட்ட விக்கிறாங்கன்னு நீ சொல்லித்தான் தெரியுது."

கிளம்பும் முன் அவள் மூத்த அண்ணனுக்குப் போன் செய்திருந்தேன்; அவர் சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். தன் பங்கை விட்டுக்கொடுத்து அவள் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் ஏதோ ஒரு தொகை தருவதாகவும், சீக்கிரம் முடிந்துவிடும் என்றும் சொன்னேன்.

"பங்கு வோணாம்னு சொல்ற அளவுக்கு நான் நல்லா இல்லக்கா. வோணும். ஆனா மொதல்ல அந்தச் சான்றிதழ்ல மகள்னு எம்பேரு வரணும். அது வராம எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போட மாட்டேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "உனுக்கு எப்ப காலி பண்ணணும்?"

"ஜூலை கடைசி."

"அதுக்குள்ள வராதே."

"வராது."

"அப்ப வேற ஊடு பாத்துக்கோ. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவளுக்காகக் காத்திருப்பது என்று அங்கேதான் முடிவு செய்தேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. பதினோராவது வீட்டில் போய்க் குழாயைத் திறந்து மூட எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

ஆடியில்தான் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். காட்டுப்பாக்கத்தில் வாடகைக்கு ஒரு மாடி வீடு உடனே கிடைத்தது. ஆடியில் யாரும் வராமல் காலியாகவே கிடந்தது. ஆடியில் குடிபோகிறாயே, குடும்பத்துக்கு ஆகாதே என்று அக்கம்பக்கத்தினர் வாசலில் நின்று வருத்தப்பட்டார்கள். "ஆக வேண்டியதெல்லாம் தையிலேயே ஆயிருச்சு" என்றேன்.

சாமான் ஏறிய பிறகு கடைசியாக ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தேன். பின்கட்டில் துணி காயப்போடும் கம்பி மட்டும் இருந்தது. நான் குட்டை. அதனால் என் கைக்கு எட்டுகிற மாதிரி அதை என் கணவர் தாழ்வாகக் கட்டியிருந்தார். கழற்றிக்கொண்டு போகலாமா என்று மகள் கேட்டாள். கம்பிதானே, கிடக்கட்டும் என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டு லோடு வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். இருபது வருடம் இருந்த வீட்டை விட்டுப் போகிறோம், வலிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வலிக்கவில்லை.

புரோக்கர் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். "உன்னால எனுக்கு இன்னா நஷ்டம் தெரியுமா?" என்பார். ஆனால் வாரம் தவறாமல் பூந்தமல்லி தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவரும் அவர்தான். அண்ணன் தம்பியை ஒரு பெஞ்சிலும் தங்கையை எதிர் பெஞ்சிலும் உட்கார வைத்து, நடுவில் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொள்வார். இஸ்திரிக்காரம்மாவும் விசாரணைக்கு வந்து, இவள் அவருடைய மகள்தான் என்று சாட்சி சொன்னாள்.

ஆவணி பிறந்து புதுச் சான்றிதழ் வந்தது. மூன்று பெயர். நடுவில் அவள் பெயர், பக்கத்தில் 'மகள்'. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிப் படித்துவிட்டு, ஒரு நகல் கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள். பதிவு அலுவலகத்தில் அவள் விரல் ரேகை இயந்திரத்தில் விழவில்லை. பாத்திரமும் பாத்திரத் தூளுமாக வருடக்கணக்கில் தேய்ந்த விரல். அவள் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்தாள். நாலாவது தடவை எடுத்துக்கொண்டது. அன்றைக்கு வீடு என் பெயருக்கு வந்தது. எல்லோரும் கை கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன், பசிதான் வந்தது.

பால் காய்ச்ச அதிகாலையில் நேரம் குறித்தார்கள். புரோக்கர், இஸ்திரிக்காரம்மா, விற்றவர்கள் மூவர், நானும் என் மகளும். வேறு யாரையும் கூப்பிடவில்லை. அந்தத் தங்கை வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். அண்ணன் தம்பி வாசலிலேயே நின்றார்கள். வெளியே இன்னும் விடியவில்லை.

பால் பாத்திரத்தோடு சமையலறை வாசலில் நான் தயங்கி நின்றேன். அந்தச் சுவிட்சை மேலே ஏற்ற மறுநாள் வரச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருந்தேன். அதுவரை செல்போன் வெளிச்சம்தான் கதி என்று ஒரு கையால் போனைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். அவள் பார்வை ஜன்னல் பக்கம் இருந்தது. கை மட்டும் கதவுக்குப் பின்னால் கீழே போனது. விளக்கு எரிந்தது.

"இன்னும் அங்கயே கீது" என்றாள்.

புரோக்கர் சிரித்தார். "எவனோ குட்ச்சிட்டு வெச்சிட்டுப் போய்கிறான்னு நான் சொன்னேன்."

"இல்ல. ஊடு கட்டசொல்ல எனுக்கு ஆறு வயசு. இருட்டுன்னா பயம், உள்ள வரமாட்டேன். எனுக்கு எட்டணும்னு அப்பா இங்க வெக்கச் சொன்னாரு. அம்மா திட்டிகினே இருப்பாங்க, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போவுதுன்னு."

வாசலில் நின்ற மூத்தவர் அதைக் கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

எனக்கு அந்தக் கம்பி ஞாபகம் வந்தது. நான் எட்டுகிற உயரத்தில் கட்டிய கம்பி. என் கணவர் உயரமான ஆள். குளித்துவிட்டு வரும்போதும், சைக்கிளை எடுக்கப் போகும்போதும், இருபது வருடம் அந்தக் கம்பிக்கு அடியில் அவர் குனிந்து குனிந்து போயிருக்கிறார். ஒருநாள்கூட அதை மேலே ஏற்றிக் கட்டவில்லை. நான் கழற்றிக்கூட எடுத்து வராமல் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பாத்திரத்தை அடுப்பில் வைத்தது நினைவிருக்கிறது. பால் பொங்கியபோது நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன், அவர் இறந்த பிறகு முதல்முறையாக, சத்தம் போட்டு. யாரும் என்னை அழு என்றும் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. அவள்தான் அடுப்பை அணைத்தாள். என் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சமையலறைக்குப் போகும்போதெல்லாம் குனிந்துதான் விளக்கைப் போடுகிறேன்.